மக்காச்சோளத்தில் பூஞ்சை, பாலில் நச்சு: அஃப்ளாடாக்சினை தடுக்க என்ன வழி?

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் பூமியில் மானாவாரி மக்காச்சோளம் முக்கியப் பயிர். புரட்டாசியில் விதைத்தால், தை மாதம் வாக்கில் அறுவடை. அந்த நேரத்தில் மழை பிடித்தால், கதிரில் பூஞ்சையும் பிடிக்கும். "தட்டிவிட்டு காயவெச்சா சரியாகிடும்" என்று நினைக்கிறீர்களா? ஆகாது. பூஞ்சை போனாலும் அது விட்ட நச்சு தானியத்திலேயே தங்கிவிடும்.

அது என்ன நச்சு?

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள்-பச்சை பூஞ்சை உருவாக்கும் அஃப்ளாடாக்சின். பூஞ்சை மண்ணிலேயே இருக்கும். வறட்சியில் வாடிய பயிர், படைப்புழு துளைத்த கதிர் என்றால் எளிதாக உள்ளே நுழைந்துவிடும். சமைத்தாலும் நச்சு முழுசாக அழியாது. தொடர்ந்து உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் உண்டு. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நாம் மக்காச்சோளம் சாப்பிடுவதில்லையே?

மாடும் கோழியும் சாப்பிடுகின்றன. தீவனத்தில் உள்ள நச்சு, அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறி பாலில் வரும். 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை ஆய்வு செய்தது. 5.7% மாதிரிகளில் இது வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-ல் 88 மாதிரிகள். எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம்!

உயிரியல் முறையில் தடுக்க முடியுமா?

முள்ளை முள்ளால் எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. இதே பூஞ்சையில் நச்சு உருவாக்காத ரகங்களும் உண்டு. அவற்றைச் சோள மணிகளில் ஏற்றி, பூ வரும் முன்பே வயலில் தூவுகிறார்கள். நல்ல பூஞ்சை இடத்தைப் பிடித்துக்கொள்ள, நச்சுப் பூஞ்சை ஒதுங்கிவிடும். நைஜீரியா, கென்யாவில் 'அஃப்ளாசேஃப்' என்ற பெயரில் இது பயன்பாட்டில் உள்ளது. நம்மூரில் விவசாயிகளுக்குப் பழக்கமான டிரைக்கோடெர்மா விரிடி விதைநேர்த்தி, வேர் அழுகல் போன்ற மண்வழி நோய்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் எதைப் போட்டாலும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை மறுபடி வளரும்.

அப்போ என்னதான் செய்யணும்?

ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை காயவைப்பதுதான் அடிப்படை. களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் காயப்போடுகிறார்கள். மழை மிரட்டினால் ஈரத்தோடே விற்பதைத் தவிர வழியில்லை. ஊருக்கு ஒரு உலர்களம், தார்ப்பாய், ஈரப்பதம் பார்க்கும் மீட்டர்: கேட்க சின்ன விஷயங்கள்தான். ஆனால் நம் வீட்டுப் பால் டம்ளரின் பாதுகாப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.