கார் போச்சு… தூக்கமும் போகணுமா?

காலை ஐந்தே கால் மணி. வாசல் தெளிக்கப் போன என் மனைவி, வாளியும் தண்ணீருமாக அப்படியே திரும்பி வந்தாள்.

"என்னங்க… வண்டியை எங்கேயாவது மாத்தி நிறுத்தினீங்களா?"

நான் மாற்றி நிறுத்தவில்லை. வாசலுக்கு ஓடினேன். ராத்திரி லேசாகத் தூறல் போட்டிருந்தது. தெரு முழுக்க ஈரம். கார் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் காய்ந்து கிடந்தது. தூறல் விட்ட பிறகுதான் எடுத்திருக்கிறான்! வாங்கி 63 நாள். சீட்டின் பாலிதீன் உறையைக்கூட நாங்கள் இன்னும் கழற்றவில்லை.

கோவிலம்பாக்கத்துக்காரர்களுக்கு எங்கள் தெருவின் லட்சணம் புரியும். அரை கிரவுண்டு மனை. வீட்டைக் கட்டி, படிக்கட்டும் போட்ட பிறகு ஸ்கூட்டர் நிறுத்தத்தான் இடம் இருக்கும். கார் வாங்கினால் தெருதான் கதி. கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எத்தனை புதுக் கார்கள் இப்படி வெட்டவெளியில் தூங்குகின்றன என்று ஒரு ராத்திரி நடந்து பாருங்கள், தெரியும்.

வைத்தியன் எதற்கு கார் திருட்டைப் பற்றி எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போலீஸ், இன்ஷூரன்ஸ், பேங்க் எல்லாம் காரைப் பற்றி விசாரித்தார்கள். வீட்டில் இருந்த மூன்று பேருக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஆள் இல்லை. முப்பது வருஷமாக நாடி பார்க்கிற எனக்கே நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் வந்த இரண்டாவது திருடன்

முதல் நாள் அதிர்ச்சி. இரண்டாவது நாள் ஆரம்பித்தது பழி.

"நீதானே சாவியே போடாம பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகுற மாடல்தான் வேணும்னு அடம் பிடிச்சே?" என்று பையனைக் கடிந்துகொண்டேன். "முதல்ல கேட் போட்டு, சுவரை இடிச்சு இடம் பண்ணுங்கன்னு நான் சொன்னப்ப கேட்டீங்களா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். ஊரிலிருந்து போன் செய்த பெரியவர் ஒருவர், "வண்டி நம்பர் கூட்டினா எட்டு வருதே, அப்பவே சொல்லலாம்னு நினைச்சேன்" என்றார். இன்னொருவர், "பூசணிக்காய் சுத்தினீங்களா? திருஷ்டிதான்" என்றார். மூன்றாமவர் ஒருபடி மேலே போய், மை போட்டுப் பார்க்கிற ஆள் ஒருவரின் விலாசத்தையே கொடுத்தார்!

நாலாவது நாள் மனைவிக்குத் தலைசுற்றல். பி.பி. பார்த்தேன். 160-க்கு 100. அதுவரை மாத்திரை எதுவும் சாப்பிடாதவள். பையன் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். நானோ ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாகக் காலித் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். காரே இல்லாத தெருவுக்குக் காவல்!

திடீர் அதிர்ச்சி வரும்போது உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. அபாயம் நீங்கினால் தானாக அடங்கிவிடும். ஆனால் தினமும் சாப்பாட்டு வேளையில் யாராவது, "நீ அப்பவே கேட்டிருந்தா…" என்று ஆரம்பித்தால் எங்கே அடங்கும்? திருடன் வந்தது ஒரு ராத்திரி. அவனைத் தினமும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பது நாம்தான்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது பதினான்கு வேகங்களை மனப்பாடம் செய்தோம். உடம்பிலிருந்து இயல்பாகக் கிளம்பும் அவற்றை அடக்கக்கூடாது என்பது பாடம். தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் என்று போகும் அந்த வரிசையில் கண்ணீரும் உண்டு. அதை அடக்கினால் நெஞ்சிலும் தலையிலும் கண்ணிலும் நோய் வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். என் வீட்டில், 'ஒரு காருக்குப் போய் அழுவாங்களா' என்று மனைவியை அதட்டினேன்.

அழ வேண்டியவர்களை அழ விடுங்கள். பத்து வருஷச் சேமிப்பு, நகையை வைத்துக் கட்டிய முன்பணம், மாமியாரை டயாலிசிஸுக்கு அலையாமல் கூட்டிப் போகலாம் என்ற நிம்மதி… ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கார் என்பது இப்படி எத்தனையோ. அது போனால் அழுகை வரும். வரட்டும்.

செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், மனசு பாதி ஆறும்

கைக்கு வேலை இருந்தால் மனசு சுற்றாது. எனவே முதல் இரண்டு நாளில் இவற்றை வரிசையாக முடியுங்கள்.

முதலில் போலீஸ். 112-க்கு போன் செய்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். எங்கள் பகுதிக்கெல்லாம் 2022-லிருந்து தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். 'நாளைக்கு வாங்க' என்று சொன்னாலும் பொறுமையாக உட்கார்ந்து, நகலோடு வீட்டுக்கு வாருங்கள்.

அடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி. அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்னதாகக் கம்பெனி கையை விரித்தாலும் இடிந்துபோக வேண்டாம். திருட்டு நடந்தவுடனே போலீஸில் புகார் பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2020-லும், மறுபடி 2022-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நியாயம் கிடைக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. முறையிடக் கட்டணம் கிடையாது.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்குப் பணம் கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும் வண்டிக்குக் குறிக்கப்பட்ட மதிப்புத்தான் வரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட காருக்கு ஷோரூம் விலையில் நூற்றுக்கு 5 கழித்தும், ஆறு மாதம் தாண்டி ஒரு வருஷம் வரை 15 கழித்தும் அந்த மதிப்பைப் போடுவார்கள். சாலை வரி, பதிவுச் செலவெல்லாம் போனது போனதுதான். பில் தொகை முழுவதும் கிடைக்கக் கூடுதல் பிரீமியத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. புதுக் கார் எடுப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். இரண்டு சாவிகளையும் கம்பெனி கேட்கும், பத்திரம்.

மூன்றாவது, பேங்க். கார் இல்லாவிட்டாலும் லோன் இருக்கிறது! இன்ஷூரன்ஸ் பணம் வரும் வரை தவணையைக் கட்டுங்கள். பணம் வந்ததும் முதலில் பேங்க்குக்குத்தான் போகும். கூடவே ஃபாஸ்டாக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் எழுதிக் கொடுங்கள்.

நாலாவது, வாட்ஸ்அப். கார் படத்தோடு உங்கள் போன் நம்பரையும் ஊரெல்லாம் பரப்பினால், 'உங்க கார் எங்ககிட்ட இருக்கு, பத்தாயிரம் அனுப்புங்க' என்று ஒருவன் பேசுவான். ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி போடாமல் ஓட்டும் வண்டிகளில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்றபடியே ஒரு கருவியால் இழுத்து வண்டியைத் திறந்துவிடுகிறார்கள். சாவியை மூடிய தகர டப்பாவில் வைத்து, கதவு திறக்கிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் பூட்டு ஒன்றும் போடுங்கள்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிற கனடாவின் டொரன்டோ பக்கம் கார் திருட்டு எக்கச்சக்கமாகி, 2024 பிப்ரவரியில் அரசாங்கம் இதற்காகவே தேசிய மாநாடு கூட்டியது. அதே சமயத்தில் அங்கே ஒரு போலீஸ்காரர், 'சாவியை வாசல் கதவுப் பக்கமே வைத்துவிடுங்கள், திருடன் வீட்டுக்குள் வந்து உங்களைத் தாக்காமல் இருப்பான்' என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் யோசனையை நான் ஏற்கவில்லை. ஆனால் கார் பெரிதா, ஆள் பெரிதா என்ற கணக்கில் அவர் தப்புப் போடவில்லை.

நான் செய்த தப்பு

இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ஸ்டேஷனில், "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று வழக்கம்போலக் கேட்டார்கள். எங்கள் தெருவில் காலையில் ஏழு கார்களைத் துடைத்துக் கொடுக்கும் பையன் ஒருவன். பத்தொன்பது வயசு. கார் வந்த நாளில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் அவன்தான். 'டாக்டர், சாவி எங்க வைப்பீங்க' என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. அவன் பெயரைச் சொன்னேன்.

மத்தியானம் கூப்பிட்டுப் போனார்கள். ராத்திரி பத்து மணிக்கு விட்டார்கள். திருட்டு நடந்த ராத்திரி முழுக்க அவன் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையாக இருந்திருக்கிறான். அடுத்த தெரு கேமராவில் தெரிந்தவர்கள் வேறு யாரோ.

அந்த அம்மா மூட்டுவலிக்கு என்னிடம் மருந்து சாப்பிட்டு வந்தவர். வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் மற்ற வீட்டுக்காரர்களும் அவனைக் கூப்பிடவில்லை. ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஏழு வீட்டு வேலை போச்சு.

மூன்று வாரம் கழித்து நன்மங்கலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "விடுங்க டாக்டர், உங்க வயித்தெரிச்சல் உங்களுக்கு" என்று அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்தார். பையன் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

2025 ஜூனில் அண்ணா நகரில் வீட்டு வாசலில் நின்ற கார் திருடுபோன வழக்கில் போலீஸார் ஒருவரைப் புதுச்சேரியில் பிடித்தார்கள். நன்கு படித்தவர், பல வருஷமாகப் பல மாநிலங்களில் இதே வேலையாக இருந்தவர் என்று போலீஸ் தரப்பில் சொன்னதாகப் பேப்பரில் வந்தது. படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. புதுக் காரின் எலெக்ட்ரானிக் பூட்டைத் திறக்கக் கருவியும் பயிற்சியும் வேண்டும். நமக்கு முதலில் ஞாபகம் வருவதோ வாளியும் துணியும் வைத்திருக்கிறவன்! மை போடுகிறவரும் 'தெரிஞ்ச ஆள்தான்' என்றுதான் சொல்வார். அதற்கு ஐநூறு ரூபாய் வேறு.

போலீஸ் கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்காததைச் சொல்லாதீர்கள்.

உடம்புக்கு என்ன செய்வது?

முதல் வாரம் எளிய சாப்பாடு. ரசம் சாதம், மோர், இட்லி போதும். பசிக்காவிட்டாலும் வேளை தவறாமல் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். பட்டினியும் கண்விழிப்பும் வாதத்தைக் கூட்டும். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். சீரகத் தண்ணீர் குடியுங்கள். காய்ச்சல், சளி இல்லாதவர்கள் இளஞ்சூட்டு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். காலையில் அரை மணி நடை. அமுக்கரா சூரணம் நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பிணிகளும், தைராய்டு, பி.பி., தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்தை ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை மரத்துப்போதல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கார் கிடைக்கவில்லை. இன்ஷூரன்ஸ் பணம் ஐந்தாவது மாதம் வந்து, நேராக பேங்க்குக்குப் போய்விட்டது. மனைவியின் பி.பி. 130-க்கு வந்திருக்கிறது. பையன் வீட்டில் சாப்பிடுகிறான். நான் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, 'தப்பு என்னுது' என்று சொன்ன பிறகு நாலு வீட்டில் அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டில் இன்னும் யோசிக்கிறார்கள்.

காலையில் வாளியோடு என் வாசலைத் தாண்டிப் போவான். நான் 'என்னப்பா' என்றால் தலையை மட்டும் ஆட்டுவான். கார் போனதை மறந்து தூங்கிவிடுகிறேன். இதை நினைத்தால்தான் இன்னும் சில ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை.