புராஜெக்ட் முடிஞ்சது, மேப் எங்கே போச்சு?

ஃபைனல் இயர்ல புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. சிவில் படிக்கிற பாதிப் பேர் லேப்டாப்ல கியூஜிஐஎஸ் ஓடிட்டு இருக்கு. ஏரி எல்லை, கிணத்து நீர்மட்டம், சுண்ணாம்புக்கல் சுரங்கம்னு பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்தையும் அளந்துட்டு இருக்கோம்.

நான் எடுத்தது ஒரு ஏரி. அதை ஏற்கனவே ஒரு சீனியர் பேட்ச் அளந்திருக்குன்னு தெரிஞ்சு லைப்ரரிக்கு ஓடினேன். பைண்டிங் பண்ணின ரிப்போர்ட் இருந்தது. பின்னட்டையில ஒட்டியிருந்த சிடியும் இருந்தது. சிடி டிரைவ் தேடவே ஒரு நாள் ஆச்சு. உள்ளே ஷேப்ஃபைல் இருக்கு, ஆனா அதோட வர வேண்டிய பிஆர்ஜே ஃபைல் இல்லை. அது இல்லாம எந்த கோஆர்டினேட் சிஸ்டம்னு தெரியாது. பரவாயில்லை, நம்ம பகுதி யுடிஎம் 44 வடக்கு மண்டலம்னு ஊகிச்சு உட்கார வச்சுடலாம். ஆனா அளந்த தேதி? கோடையா, மழைக்கு அப்புறமா? எந்தக் கருவி? அதை ஊகிக்க முடியாது. முதல்ல இருந்து நானே அளந்தேன்.

சீனியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவங்ககிட்ட யாரும் கேட்கலை. நம்ம லைப்ரரிகள் ரிப்போர்ட்டை வாங்கி வைக்குது, டேட்டாவை வாங்குறதில்லை. என் கருத்து இதுதான்: நம்ம ரெண்டு மாவட்டத்துல இருக்கிற ஒவ்வொரு காலேஜ் லைப்ரரியும் மாணவர்கள் உருவாக்கிற மேப் டேட்டாவைப் புத்தகம் மாதிரியே சேர்த்து வைக்கணும்.

சேர்த்து வச்சா என்ன நடக்கும்னு நம்ம ஊரே சாட்சி. 1860-களில் எச்.எஃப். பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியோட கிரிட்டேசியஸ் பாறைகளை வரைபடமாக்கி வெளியிட்டார். அவர் பிரிச்ச ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்கிற பேர்களை இன்னைக்கும் புவியியலாளர்கள் பயன்படுத்துறாங்க. காரணம், அது லைப்ரரிகளில் தங்கினது. அமெரிக்காவில டெக்சாஸ் பல்கலைக்கழக லைப்ரரி, 1950-களில் அமெரிக்க ராணுவம் தயாரிச்ச இந்திய வரைபடத் தாள்களை ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்கு. நாம அளந்தது நம்ம லைப்ரரியிலயே கிடைக்கலை.

"கூகுள் எர்த்ல பழைய படம் இருக்கே"ன்னு கேட்கலாம். இருக்கு. ஆனா மேலே இருந்து எடுத்த படத்துல ஏரியோட ஆழம் தெரியாது, கிணத்து நீர்மட்டம் தெரியாது, மதகோட பேர் தெரியாது. அதெல்லாம் நாம நடந்து போய், ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதினது. சுரங்கத்துல இன்னும் மோசம். புதைபடிவம் இருக்கிற ஒரு அடுக்கை வெட்டி சிமென்ட் ஆலைக்கு அனுப்பிட்டா, அதை ரெண்டாவது தடவை அளக்கவே முடியாது.

தேதி ஏன் முக்கியம்னா, எல்லைகளே மாறியிருக்கு. பெரம்பலூர் 1995-ல திருச்சியில இருந்து பிரிஞ்சது. இப்போதைய அரியலூர் மாவட்டம் 2007-ல வந்தது. 2005-ம் வருஷ டேபிள்ல 'பெரம்பலூர் மாவட்டம்'னு இருந்தா, அதுக்குள்ள அரியலூரும் அடக்கம். இது தெரியாம ஒப்பிட்டா கணக்கு மொத்தமும் தப்பு.

பெரிய செலவு தேவையில்லை. லைப்ரரி சர்வர்ல ஒரு ஃபோல்டர், வேற இடத்துல ஒரு நகல். மாணவர் கொடுக்க வேண்டியது ஒரு ஜிப்: ஷேப்ஃபைலோட எல்லா ஃபைலும், கூடவே ஒரு பக்கக் குறிப்பு. யார் அளந்தது, எப்போ, எந்தக் கருவி, எந்த கோஆர்டினேட் சிஸ்டம், எவ்வளவு பிழை. பட்டாதாரர் பேர் மாதிரி தனிப்பட்ட விவரங்களை எடுத்துடணும். அடுக்குறதுக்கு சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோபோஷீட் எண்ணே போதும்: பெரம்பலூர் நகரம் 58 ஐ/16, அரியலூர் நகரம் 58 எம்/4. ஜிப் வந்தாதான் நோ டியூஸ்ல லைப்ரரி கையெழுத்துன்னு ஒரு விதி போட்டா, ஒரே வருஷத்துல ஃபோல்டர் நிறைஞ்சுடும்.

அனுமதி பிரச்சினைன்னும் பயப்பட வேண்டாம். 2021 பிப்ரவரியில மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சில பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தவிர, இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமலே மேப் டேட்டா உருவாக்கலாம், வெளியிடலாம்.

விதி வர வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்லை. வைவா முடிஞ்ச அன்னைக்கே என் ஜிப்பை லைப்ரரியன் மேடம்கிட்ட கொடுக்கப் போறேன். எங்கே வைக்கிறதுன்னு அவங்க யோசிப்பாங்க. நீங்களும் நாலு பேர் வந்து கொடுத்தா, ஒரு இடம் ஒதுக்கித்தான் ஆகணும்.