கனஅடியும் கூலியும்

எம். புதுப்பட்டிக்காரனான நான் படகு சவாரியைப் பற்றி எழுதினால் ஊரே சிரிக்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் வருஷத்தில் பாதிக்கு மேல் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிறவை. ஆற்றில் மிதக்க ஆசைப்பட்டால் வேன் பிடித்து ஒகேனக்கல் போக வேண்டியதுதான். அங்கேயும் ஆற்றைப் பார்ப்பதற்கு முன்னால் செய்தியைப் பார்க்க வேண்டும்: பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி?

கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், அந்தத் தண்ணீரைத் தமிழ்நாட்டு எல்லையில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற இடம் பிலிகுண்டுலு. ஒரு கனஅடி என்பது நொடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். 10,000 கனஅடி வருகிறது என்றால், ஒரே நொடியில் ஏறத்தாழ 2.8 லட்சம் லிட்டர் நம்மைத் தாண்டிப் போகிறது. மூங்கிலைப் பின்னி, அடியில் தார் பூசிய வட்டப் பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது; ஒற்றைத் துடுப்புத்தான் அதற்குத் திசை. கோத்திக்கல் துறையில் பரிசல் ஓட்டுகிறவருக்கு எந்தப் பாறை முழுகினால் எங்கே சுழி விழும் என்று தெரியும். ஆனாலும் வெள்ளம் கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. போடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

தடை நாளில் பரிசல்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் என் கேள்வி. 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து 1 லட்சம் கனஅடியைத் தாண்டியது, 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. டெல்டாவில் கொண்டாட்டம். பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, அதுவும் கூட்டம் குவிகிற ஆடிப்பெருக்குச் சமயத்தில்.

பட்டாசு செய்கிற எங்கள் ஊருக்கு இது புதுக்கதை இல்லை. வானம் கருத்தால் பட்டாசு காயாது. பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருப்பவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். மழையை ஊரே கும்பிடும், அவர் மட்டும் மனசுக்குள் வைவார்.

தடைக்கு ஈடு கொடுப்பதும் புதிதல்ல. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் உண்டு. கடல் தடைக்குத் தேதி இருக்கிறது, ஆற்றுத் தடைக்கு இல்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். பிலிகுண்டுலுவில்தான் தினமும் கணக்கு எழுதுகிறார்களே! தடை போட்ட நாளையும் அதே நோட்டில் எழுதிக் கூலியைக் கொடுத்தால் என்ன?

ஆடிக்குக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே கனஅடியைப் பார்த்துவிடுங்கள். சவாரிதான் முக்கியம் என்றால் தை, மாசி தேவலை.