பல்லி முட்டை கற்றுத் தந்த பாடம்



சென்ற கோடையில், காரைக்குடியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் மாலை வகுப்பு முடிந்த பின் ஒரு மாணவன் தயங்கி நின்றான். அவனுடைய அண்ணன் ‘லெப்பர்ட் கெக்கோ’ எனப்படும் புள்ளிப் பல்லிகள் இரண்டை வளர்க்கிறாராம். அவற்றுள் ஒன்று இரு முட்டைகள் இட்டிருந்தது. “ஹஜ்ரத், இதைப் பொரிக்க வைக்கலாமா? எப்படி வைப்பது?” என்று கேட்டான்.

கோழி அடைகாப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த நினைப்பில், “நாளுக்கு இரண்டு முறை புரட்டி வை, வெதுவெதுப்பாக இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டோம். பிள்ளை அப்படியே செய்தான். மூன்று வாரத்தில் இரு முட்டைகளும் சுருங்கிப் பூஞ்சை படர்ந்துவிட்டன. கண் கலங்கி வந்தவனிடம் நம்மால் பதில் கூற இயலவில்லை. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே என்று அருள்மறை குர்ஆன் (17:36) எச்சரிப்பதைப் பிறருக்கு ஓதிக்கொடுப்பவர்களே நாம்!

பின்னரே இது குறித்துத் தேடிப் படித்தோம். கோழி முட்டையைப் புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்தோலோடு ஒட்டிக் கெடும். பல்லி முட்டையிலோ நிலைமை நேர் மாறானது. இட்ட ஓரிரு நாளில் கரு முட்டையின் மேற்புற உள்சுவரில் பற்றிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைத் திருப்பினால் கரு மடியக்கூடும். எனவே எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் மெல்லக் குறியிட்டு, அதே நிலையில் வைக்க வேண்டும். மூடியுள்ள சிறு பெட்டியில் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட்டை ஈரப்படுத்திப் பரப்பி, முட்டையைப் பாதி புதையுமாறு வைப்பர். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரம் போதும். சில நாள் கழித்து இருட்டில் சிறு டார்ச் ஒளியைக் காட்டினால், உயிருள்ள முட்டையில் செந்நிற நரம்புகள் தெரியும்.

வெப்பமே இதில் தலையாயது. ஏறத்தாழ 26 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. வெப்பத்தைப் பொறுத்து ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்திற்கும் சற்று மேல் வரை ஆகலாம். சித்திரை, வைகாசியில் நம் செட்டிநாட்டு வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். ஓட்டு வீட்டு மாடியிலோ சன்னல் ஓரத்திலோ வைத்த முட்டை வெந்துவிடும்.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் இந்த வெப்பமே தீர்மானிக்கிறது. 26 டிகிரி அளவில் பெரும்பாலும் பெண், 32 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண். ஊர்வனவற்றில் இத்தன்மை இருப்பதை 1966இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் ஓணான் முட்டைகளை ஆய்ந்த மடலேன் ஷார்னியே எடுத்துரைத்தார். சென்னைக்கு அருகே 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில், நம் நாட்டுச் சதுப்புநில முதலையின் முட்டைகளும் இவ்வாறே என்பது 1980களில் அறியப்பட்டது. வயிற்றால் ஊர்வனவும் நான்கு கால்களில் நடப்பனவும் அவன் படைப்பே என்ற இறைவசனத்தை (24:45) எத்தனை முறை ஓதியிருப்போம்! அதன் உள்ளே இத்தனை நுட்பமா? சுப்ஹானல்லாஹ்!

இனி மாணவனின் முதல் கேள்வி. பொரிக்க வைக்கலாமா?

‘வஸக்’ எனும் பல்லியைக் கொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. கொல்லப் பணிக்கப்பட்ட உயிரினத்தை வளர்ப்பதை ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் தடுத்துள்ளனர். புள்ளிப் பல்லி அந்தப் பெயருக்குள் அடங்குமா என்பதில் இக்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே, ஆசைக்காகப் புதிதாக வாங்கி வளர்க்காமல் இருப்பதே பேணுதல் என்பது நமது கருத்து. தீர்ப்பு வேண்டுவோர் தம் ஊர் ஆலிம்களை அணுகட்டும்.

ஆனால் அந்த ஹதீஸைக் காட்டி, கையிலுள்ள உயிரைப் பட்டினி போடவோ வதைக்கவோ எவருக்கும் உரிமை இல்லை. கொல்வதானாலும் அழகிய முறையில் கொல்லுங்கள் என்று போதித்தவர்கள் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்களும் அவர்களே. பூனையை அடைத்துப் பட்டினியால் மடியவிட்ட பெண்ணின் முடிவையும் நாம் அறிவோம். அடைத்து வைத்தவுடன் அந்த உயிர் நம்மிடம் அமானிதமாகிவிடுகிறது.

எனவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுதான். ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடுமுன் பின்விளைவை எண்ணுங்கள். ஒரு பெண் பல்லி ஒரே பருவத்தில் பலமுறை, பெரும்பாலும் இவ்விரண்டாக முட்டையிடும். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். குஞ்சுகளுக்கு உயிருள்ள சிறு பூச்சிகள் வேண்டும், வளர்ந்த ஆண்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். இதற்கு ஆயத்தமில்லையெனில் முதலிலேயே பிரித்து வையுங்கள். வேண்டாதவற்றை வயலிலோ கண்மாய்க் கரையிலோ விட்டுவிடாதீர்கள். அவை நம் மண்ணுக்குரியவை அல்ல.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றையும் அவற்றின் குஞ்சுகளையும் பதிவு செய்ய வேண்டும். உங்களிடமுள்ள இனம் எதில் அடங்குகிறது என்பதை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

அந்தப் பல்லி மீண்டும் முட்டையிட்டபோது மாணவன் நம்மிடம் வந்தான். இம்முறை நாம் அறிந்ததை மட்டும் சொன்னோம். ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து, ஒரு முட்டையிலிருந்து விரல் நீளக் குஞ்சு வெளிவந்ததை ஓடி வந்து கூறினான். மற்றொன்று பொரிக்கவில்லை. “அது அல்லாஹ்வின் நாட்டம்தானே ஹஜ்ரத்?” என்றான். ஆம் என்றோம். முதல் இரண்டு முட்டைகளைக் குறித்து மட்டும் அவ்வாறு சொல்லி நம்மால் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

இரக்கத்தோடு அறிவையும், அறிவோடு பணிவையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.