தவறைத் தேடும் துணிவு

அமெரிக்க விமானத் தொழில் என்றதும் ரைட் சகோதரர்களும், ஒலியை மிஞ்சிய விமானங்களும், சந்திரனுக்குச் சென்ற ராக்கெட்டும் உங்கள் நினைவுக்கு வரும். அத்தொழிலின் பெருமையை அதன் வெற்றிகளைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது என்பது என் கருத்து. தோல்வி நேர்ந்தபோது அது எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

1959 ஜனவரியில் லாக்ஹீட் நிறுவனத்தின் எலெக்ட்ரா விமானம் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. அதற்கு நான்கு எஞ்சின்கள், நான்கு உந்துவிசிறிகள். அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு எலெக்ட்ரா நடுவானில் இறக்கை முறிந்து விழுந்தது. 34 பேர் மாண்டனர். 1960 மார்ச் 17ஆம் நாள் இந்தியானா மாநிலத்தில் இன்னொன்று விழுந்து 63 பேர் மாண்டனர்.

இறக்கை ஏன் முறிந்தது? லாக்ஹீட் பொறியாளர்கள் சோதனைமேல் சோதனை நடத்தினர். போட்டி நிறுவனங்களான போயிங்கும் டக்ளசும்கூட உதவின. நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி விமானம் சோதிக்கப்பட்டது. விடையும் கிடைத்தது.

வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினைத் தாங்கும் சட்டம் உறுதி குறைந்தால், சுழலும் உந்துவிசிறியும் அப்படியே தலையாட்டும். அந்த ஆட்டத்தின் அதிர்வெண் இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒன்றிவிட்டால், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். நீங்கள் பாடத்தில் படிக்கும் ஒத்ததிர்வுதான் இது!

லாக்ஹீட் சுமார் 2.5 கோடி டாலரைத் தானே செலவிட்டு விமானங்களை வலுப்படுத்தித் தந்தது. எலெக்ட்ராவின் அமைப்பிலிருந்து பிறந்த ஓரியன் கடற்காவல் விமானம் பல பத்தாண்டுகள் பறந்தது.

அன்றும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. காரணம் தெரியாத நிலையிலும் எலெக்ட்ராக்கள் வேகத்தைக் குறைத்துப் பறக்க அனுமதிக்கப்பட்டன. ஆனால் குறையைத் தேடுவதில் ஒளிவுமறைவு இல்லை.

போயிங் 737 மேக்ஸ் கதையோ வேறு. அதன் மூக்கைத் தானாகத் தாழ்த்தும் கணிப்பொறி ஏற்பாடு ஒரே ஓர் உணர்கருவியின் அளவீட்டை நம்பியிருந்தது. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையே முதல் விபத்துவரை விமானிகளின் கையேடு சொல்லவில்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் உயிரிழந்தனர்.

நண்பர்களே, ஆய்வகத்தில் உங்கள் விடை பிசகும்போது அதை அழித்துவிட்டுப் புத்தகத்திலுள்ள எண்ணை எழுதாதீர்கள். ஏன் பிசகியது என்று தேடுங்கள். நாளை உங்கள் கணக்கை நம்பி யாரோ ஒருவர் விமானத்தில் ஏறக்கூடும்.