ஆறு வாரமா, மூன்று வாரமா?

பொரளைச் சந்திக்கு அண்மையில் வசித்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபது வயதைக் கடந்தவர். மூளையில் கட்டி என்று கண்டு சத்திரசிகிச்சை செய்தார்கள். "கட்டியை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை" என்று பிள்ளைகள் அவருக்குக் கூறினார்கள். வாசற்படியில் வைத்து எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார்கள்: கிளியோபிளாஸ்டோமா.

மூளைக் கட்டிகளிலே மிகக் கொடியது இது. கண்ணுக்குத் தெரிந்ததை வெட்டியெடுத்தாலும் அதன் கலங்கள் நல்ல மூளைக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருக்கும். ஆகவேதான் சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு வாரக் கதிர்ச் சிகிச்சையும் டெமொசோலமைட் மாத்திரையும் கொடுக்கிறார்கள். 2005 இல் வெளியான ஆய்வு, 573 நோயாளிகளைக் கொண்டது. கதிரோடு மாத்திரையும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகியது. இரண்டு ஆண்டு வாழ்ந்தோர் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தாறாயினர். இருபது ஆண்டுகள் கடந்தும் அடிப்படைச் சிகிச்சை இன்னமும் அதுவே.

ஆறு வாரம் என்றால் முப்பது தடவை. பொரளையிலிருந்து மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலைக்கு வாகன நெரிசலில் போய்வருவதே ஒரு முழு நாள் வேலை. வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வருபவர் அறை எடுத்தல்லவா தங்க வேண்டும்!

முதியவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று வாரக் கதிரும் ஆறு வாரக் கதிரும் ஏறத்தாழ ஒரே ஆயுளையே தந்தன என்று 2004 இல் கனடா ஆய்வொன்று காட்டியது. 2017 இல், அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மூன்று வாரக் கதிரோடு மாத்திரையும் கொடுத்தபோது, 7.6 மாதம் 9.3 ஆனது. குறுகிய சிகிச்சை குறைந்த சிகிச்சை அல்ல. ஆனால், "அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது" என்று பிள்ளைகள் ஆறு வாரத்தையே கேட்டு வாங்கினார்கள்.

அவர்களை நான் குறைகூற மாட்டேன். மறைப்பதும் அன்பினாலேதான். ஆயினும் மிச்சமிருக்கும் நாட்களை எப்படிச் செலவிடுவது என்பதை, அந்த நாட்களுக்கு உரியவரிடமல்லவா கேட்கவேண்டும்? பொய் சொல்லி வைத்தவரிடம் அதை எவ்வாறு கேட்பது? கேட்பதற்கான காலமும் நீண்டதல்ல. இந்நோய் பேச்சையும் தீர்மானிக்கும் ஆற்றலையும் பறித்துவிடக் கூடியது. அமெரிக்க செனட்டர் ஜோன் மக்கெயினுக்கு இதே நோய் 2017 யூலையில் கண்டறியப்பட்டது. சிகிச்சையை நிறுத்த அவர் தீர்மானித்ததாகக் குடும்பத்தினர் 2018 ஓகஸ்ட் 24 இல் அறிவித்தனர். மறுநாள் காலமானார். அறிந்திருந்தபடியால் அவரால் தீர்மானிக்க முடிந்தது.

நான்காவது வாரத்தில் ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். "ஒருக்கால் ஊருக்குப் போய் வரலாமோ?" என்று என்னிடம் கேட்டார். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது.

"சிகிச்சை முடியட்டும் மாஸ்டர், இரண்டு பேரும் போவோம்" என்றேன்.

சிகிச்சை முடிந்தது. ஆனால் அதன்பின் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை.