சம்பளத் தேதியில் உயிர், வரித் தேதியில் மரணமா?

என் பெரியம்மா மகள் கன்னியாஸ்திரீ. அரசாங்க உதவி பெறும் பள்ளியொன்றில் 25 வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சம்பளத்தில் ஒரு காசுகூடத் தனக்கென்று அவள் வைத்துக்கொண்டதில்லை. அத்தனையும் சபைக்குப் போகிறது. அந்தத் துறவை நான் கும்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், இனி நான் சொல்லப் போவது அவளுக்குப் பிடிக்காது.

போன மாதம் புழலுக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தபோது குறைப்பட்டுக்கொண்டாள்: "வார்த்தைப்பாடு கொடுத்த அன்னைக்கே நாங்க உலகத்துக்குச் செத்துட்டோம், தம்பி. செத்தவங்ககிட்டயா வருமான வரி பிடிக்கிறது?"

இது கோர்ட்டுப் படியேறிய கேள்விதான். துறவிகளின் சம்பளத்தில் பல்லாண்டுக் காலம் வரி பிடிக்காமல் விட்டிருந்த வருமான வரி இலாகா, 2014-இல் பிடிக்கச் சொல்லிற்று. சபைகளும் மறைமாவட்டங்களும் வழக்குத் தொடுத்தன. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குத் திருச்சபைச் சட்டப்படி சொத்து கிடையாது. ஆகவே அவர் சிவில் வாழ்வில் இறந்தவரே என்று வாதாடின. 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இதை ஏற்க மறுத்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு 93 மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

நான் கேட்கிறேன்: சம்பளத் தேதியில் உயிரோடிருப்பவர், வரித் தேதியில் மட்டும் எப்படிச் செத்துப் போகிறார்? எங்கள் ஊர் மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிப்பவனைக்கூடச் சட்டம் பிணமென்று எழுதிக்கொள்வதில்லையே!

"பணம் ஏழைகளுக்குத்தானே போகிறது?" என்பார்கள். போகட்டும், மகிழ்ச்சி. ஆனால் பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டாரே, அது எதற்காக? கடவுளின் பெயரைச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவக் கூடாது என்பதற்காகத்தானே?

இராயபுரத்துக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் இராயப்பரையே கேட்கலாம். கோயில் வரி கேட்டு வந்தபோது, தமக்கு அந்தக் கடன் இல்லையென்று ஆண்டவர் அவருக்கு விளக்கினார். விளக்கிவிட்டுச் சும்மா இருந்தாரா? தூண்டில் போடச் சொல்லி, மீன் வாயில் கிடைத்த நாணயத்தால் இருவருக்குமாகக் கட்டச் சொன்னார். விலக்குக் கேட்க எல்லா உரிமையும் இருந்தவர் கட்டிய வரி அது!

எனக்கு வருத்தம் வரிப் பணத்தைப் பற்றியல்ல. 'அது அவள் பணமே இல்லை' என்று வக்கீல் வாதாடும்போது, அக்காவின் 25 வருஷத் தியாகமும் கூடவே அழிந்து போகிறதே, அதைப் பற்றி! தன்னுடையதல்லாததை யார் தியாகம் செய்ய முடியும்? அவளுடைய சம்பளமாக இருந்தால்தான் அது அவளுடைய காணிக்கை.

அக்கா, சபைக்குத் தாராளமாகக் கொடு. ஊருக்குச் சேர வேண்டியதை ஊருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொடு. ஊரார் பங்கையும் சேர்த்துப் பீடத்தில் வைத்தால், அந்தப் பங்கு யாருடைய பலி?